கிளி எங்கிருந்து வந்தது?

சென்னையில் உள்ள எங்கள் பள்ளித் தூங்குமூஞ்சி மரத்தில் ஒருநாள் மஞ்சள் நிறச் சிறுபறவை ஒன்று வந்து அமர்ந்தது. "லவ் பேர்ட்ஸ்!" என்று கூவினார்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். கடைகளில் அந்தப் பெயரில் விற்கப்படும் பட்ஜி, ஆஸ்திரேலியப் பறவை. கூண்டிலிருந்து தப்பி வந்திருக்க வேண்டும். அதே மரப்பொந்தில் வாழும் பச்சைக்கிளிகளோ நம் மண்ணுக்கு உரியவை. லண்டனில், கூண்டிலிருந்து வெளியேறிய பச்சைக்கிளி இனமே ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கிறது என்றும் சொன்னேன்.

"அப்படியென்றால் எங்கள் வீட்டுக் கூண்டில் இருப்பது காட்டுக்கிளியா, டீச்சர்?" என்றாள் ஒரு மாணவி.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது குற்றம். ஆனால் அந்தக் குழந்தையைக் குற்றவாளிபோல் நிறுத்தினால், அடுத்த முறை எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. சட்டத்தை வகுப்புக்குப் பொதுவாகச் சொல்லிவிட்டு, பெற்றோரிடம் தனியே பேசினேன். சிறகு வெட்டிய கிளியைத் திறந்துவிட்டால் பூனைக்கு இரையாகும் என்பதால், வனத்துறையிடம் ஒப்படைத்தார்கள்.

இப்போது வகுப்பில் ஒரு பதிவேடு இருக்கிறது: நாள், இடம், உயிரினம், அதன் செய்கை, 'எங்கிருந்து வந்திருக்கும்?'. காலில் வளையம் இருக்கிறதா, ஆளைக் கண்டு அஞ்சுகிறதா என்று பார்த்துக் கடைசிக் கட்டத்தை நிரப்புகிறார்கள். கிண்டியில் புள்ளிமானைப் பார்த்த மாணவன், "காடு முன்பே இருந்தது, ஊர் பிறகு வந்தது" என்று எழுதியிருந்தான்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். உங்கள் பள்ளியிலும் தொடங்குங்கள்.