விளக்கேற்றிய பின் ஒரு நாழிகை

 

கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பது சமண இல்லத்தின் தொன்மையான ஒழுக்கம். சிற்றுயிர்களுக்கும் ஊறு நேராதிருக்கவே முன்னோர் இதனை வகுத்தனர். இவ்வொழுக்கத்தால் இல்லத்திற்கு வேறொரு செல்வமும் வாய்த்தது. அடுப்பு அணைந்தபின், உறக்கம் வருமுன், வீட்டார் அனைவர்க்கும் பொதுவான நேரம் எஞ்சியது. அந்நேரத்தில் பெரியவர் நூல் படித்தார். மற்றவர் பொருள் கேட்டனர். சிறுவர் மடியில் கிடந்தபடியே காதில் வாங்கிக்கொண்டனர்.

இதன் பயன் சிறிதன்று. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது, சமண மரபுச் சொற்களும் கருத்துகளும் அவருக்கு விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமண இல்லங்களில் அந்நூலைப் பாராயணம் செய்து வந்தோரை நாடிச் சென்று ஐயம் தெளிந்தார். 1887-இல் நூல் அச்சேறியது. ஏட்டிலிருந்த காப்பியத்தின் பொருள் வீட்டுக் கூடங்களில் உயிரோடு இருந்தது. வீடு காத்ததே நாட்டுக்குக் கிடைத்தது.

இன்று அந்தக் கூடத்தின் நிலை என்ன? தந்தையின் கையில் ஒரு திரை. தாயின் எதிரில் ஒரு திரை. பிள்ளையின் மடியில் ஒரு திரை. ஊரிலிருந்து வந்த பாட்டி சுவரைப் பார்த்து அமர்ந்திருக்கிறார். இதற்குப் பிள்ளைகளைக் கடிந்து பயனில்லை. திரையைப் பறித்த கையில் வேறொன்றைக் கொடுக்க வேண்டும். நாள்தோறும் ஒரு நாழிகை போதும். நாழிகை என்பது 24 நிமிடம். தீர்த்தங்கரர் எண்ணிக்கையும் அதுவே என்பதால் மறக்கவும் இயலாது. அந்நேரத்தில் செய்யத்தக்க நான்கு செயல்களை ஈண்டுக் காண்போம்.

முதலாவது, சின்ன அட்டை விளையாட்டு. பழைய திருமண அழைப்பிதழ்களை ஒரே அளவில் 48 அட்டைகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். 24 அட்டைகளில் தீர்த்தங்கரர் பெயர்களைத் தமிழில் எழுதுவது பெற்றோர் பணி. ஏனைய 24-இல் அவர்தம் இலாஞ்சனங்களை வரைவது பிள்ளைகள் பணி. அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பி, முறைக்கு இரண்டாகத் திருப்பி, பெயரையும் சின்னத்தையும் இணை சேர்ப்பவர் எடுத்துக்கொள்ளலாம். நீரோடு தொடர்புடைய சின்னங்கள் எவை என்று கேட்டால் தாமரை, நீலோற்பலம், மகரம், மீன், ஆமை, சங்கு என ஒவ்வொன்றாய் வரும். பெரும்பாலும் பிள்ளைகளே வெல்வர். "சிரேயாம்சர் பதினோராமவர், அப்பா, அவர் சின்னம் காண்டாமிருகம்" என்று மகள் திருத்தும்போது தந்தை வெட்கப்பட வேண்டா, மறந்ததை மகளிடம் கற்பதும் கல்வியே.

இரண்டாவது, வண்ணம் தீட்டல். புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் குகைக் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டுள்ளது. மீன்கள் துள்ள, பறவைகள் நீந்த, யானைகள் திளைக்க, அடியார்கள் மலர் பறிக்கும் காட்சி அது. அக்குளத்தைப் பெரிய தாளில் குடும்பமாக வரையலாம். தந்தைக்கு யானை, தாய்க்குத் தாமரை, பிள்ளைக்கு மீன். வண்ணமும் வீட்டிலேயே உண்டு. மஞ்சள் நீர் மஞ்சளாகும். அதில் சிறிது சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்திச் சிவப்பாகும். சங்குப்பூ ஊறிய நீர் நீலம். எலுமிச்சைச் சாறு பட்டால் ஊதா. சுண்ணாம்பைப் பெரியவர்களே கலக்க வேண்டும். பூவைச் செடியிலிருந்து பறிக்காமல் உதிர்ந்ததையே பொறுக்கி வரச் சொன்னால், கொல்லாமை என்ற சொல் பிள்ளையின் விரலில் பழகிவிடும்.

மூன்றாவது, கதையைக் கையால் செய்தல். சிந்தாமணியில் கருவுற்றிருந்த அரசி விசயை, மயிற்பொறியில் ஏறி வானில் பறந்து தப்புகிறாள். பழைய செய்தித்தாளில் அந்த மயிலைச் செய்து, பொம்மை அரசியை அமர்த்தி, நூல் கட்டிக் கூடத்தில் பறக்கவிடலாம். மயில் எங்கே இறங்கியது, குழந்தை எங்கே பிறந்தது, ஏன் சுடுகாட்டில் என்று பிள்ளை கேட்கும். விடை கூற, பெற்றோர் அன்றிரவு நூலைப் புரட்டித்தான் ஆக வேண்டும்.

நான்காவது, இல்ல ஏடு. ஒரு குறிப்பேட்டில், முதியோர் சொல்வதைப் பேரப்பிள்ளைகள் எழுதி, பக்கத்தில் படமும் வரைவது. சென்னை அடுக்ககம் ஒன்றில் நிகழ்ந்தது இது. அறுவடைக் காலத்தைப் பற்றிப் பேரன் கேட்க, "குதிரைத் திறந்து நெல்லை அள்ளுவோம்" என்றார் பாட்டி. "குதிரையை எப்படித் திறப்பது, பாட்டி?" என்றான் பேரன். வீடே சிரித்தது. நெல் சேமிக்கும் குதிர், வேற்றுமை உருபேற்றால் குதிரையாகும் என்பது அப்பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பாட்டி எழுதுகோலை வாங்கிக் குதிரை வரைந்து காட்டினார். அடுத்த நாள் கவலை இறைத்ததை, அதற்கடுத்த நாள் ஊர்ச் சினாலயத் தேரை. "சாப்பிட்டாயா?" என்பதற்குமேல் அவ்வீட்டில் பேசியறியாதவர், ஊருக்குத் திரும்பும் நாளைத் தாமே தள்ளிவைத்தார்.

பெற்றோர்க்கு மூன்று வேண்டுகோள். நாற்காலியில் அமர்ந்து மேற்பார்வை செய்யாதீர்கள். தரையில் அமர்ந்து உடன் செய்யுங்கள். யானை பன்றிபோல் இருந்தாலும் திருத்தாதீர்கள். அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். பொழுது சாய்ந்தபின் பணியிலிருந்து திரும்புவோர், ஞாயிறு ஒரு நாளையேனும் இதற்கென ஒதுக்குங்கள்.

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் எனத் தானம் நான்கு. சாத்திர தானத்திற்காக முன்னோர் ஏடு பெயர்த்தெழுதி அளித்தனர். தம் மக்களுக்கு ஒரு நாழிகை அளிப்பதும் அவ்வழியைச் சேர்ந்ததே. அடுத்த ஆண்டு விழாவிற்கு ஒவ்வொரு குடும்பமும் தன் இல்ல ஏட்டைக் கொண்டு வரட்டும். போட்டி வேண்டா, பரிசும் வேண்டா. ஒருவர் ஏட்டை மற்றவர் படித்தாலே போதும்.

வாழ்க அறம்! வளர்க இல்லந்தோறும் தமிழ்!