துப்பாக்கியும் நிதானமும்



இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் தோப்புடையார் பலர் இவண் குழுமியுள்ளீர். யானையும் காட்டுப்பன்றியும் இரவில் இறங்கும் இடமாதலின், உரிமம் பெற்ற துப்பாக்கி சில இல்லங்களில் உண்டு. அது பற்றிச் சில கூற விழைகின்றோம்.

நள்ளிரவில் அயல்வீட்டில் கூக்குரல் எழுகின்றது. கேட்டும் வாளாவிருத்தல் நம் மரபன்று, துப்பாக்கியோடு விரைகின்றோம். இருளில் எதிரே ஓடி வருவோன் கள்வனோ, நம்மைப் போல் உதவிக்கு வந்த தம்பியோ? விட்ட குண்டை மீட்பார் யார்?

1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் கூறிய விதியையே, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 37-ஆம் பிரிவும் கூறுகின்றது: அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் உளதாயின் தற்காப்புரிமை இல்லை, காத்தற்கு வேண்டிய அளவினும் மிக்க தீங்கு இழைத்தலும் ஆகாது. யானை தோப்பை அழிப்பினும், உயிர்காக்க வேறு வழியின்றி நேர்ந்தாலன்றி அதனைச் சுடுதல், 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி குற்றமாம். வனத்துறையார்க்கே அறிவித்தல் வேண்டும்.

ஆதலின் ஓசை கேட்டவுடன் விளக்கேற்றுக, 112-ஐ அழைக்க, வீட்டார் அனைவரும் எங்குளர் என எண்ணிப் பார்க்க, உரத்துக் குரல் கொடுத்து ஆளறிக, அறியுமுன் விசையில் விரல் வையற்க.

மனைக்குரிய தாய்மார்க்கு ஒரு விண்ணப்பம்: குண்டு நீக்கிய துப்பாக்கி ஒரு பெட்டியிலும் குண்டுகள் வேறொரு பெட்டியிலும் பூட்டப்பட்டுளவோ என இன்றிரவே கேளுங்கள். திறவுகோல் உரிமமுடையாரிடமே இருத்தல் வேண்டும். சிறுவர் அதன் இடத்தையும் அறிதலாகாது.

நம் தெருவில் ஒருயிரேனும் தவறான குண்டுக்கு இரையாகாதிருக்கக் கடவது.