ஆங்கிலப் பேச்சுப் போட்டியும் நம் பிள்ளைகளும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா, பசங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும்" என்றார் நம் செயலாளர். நான் அதை விட்டுவிட்டு ஒரு தவறைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது நான் செய்த தவறு.

சென்ற ஆண்டு ஓசூரில் பள்ளிகளுக்கிடையே ஓர் ஆங்கிலப் பேச்சுப் போட்டி நடந்தது. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கானது. மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். இன்ஜினியர், ஆங்கிலத்தில் மெயில் எழுதுகிறவன், அதனால் கூப்பிட்டார்கள்.

ஓசூர்ப் பிள்ளைகளைப் பற்றி வெளியூர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம், கடைவீதியில் உருது, பள்ளியில் தமிழ் என்று வளர்கிறவர்கள் இங்கே ஏராளம். 1980-ல் ஓசூரில் டி.வி.எஸ். மொபெட் தயாரிப்பு தொடங்கியது. அதன் பிறகு தொழிற்சாலைகள் பெருகப் பெருக, எல்லா மாவட்டங்களிலிருந்தும், பின்னர் வடமாநிலங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. இருமொழிப் பிள்ளைகள் என்று நாம் சொல்கிறோம். உண்மையில் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி, சிலருக்கு நான்காவது.

எங்கள் கையில் கொடுத்த மதிப்பெண் தாளில் ஐந்து கட்டங்கள். உச்சரிப்பு, சரளம், மனனம், மேடைத் தோற்றம், பொருள். ஒவ்வொன்றுக்கும் 20.

ஒரு மாணவன் செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசினான். நான்கு நிமிடம், ஒரு தடங்கல் இல்லை. கை எங்கே உயர வேண்டுமோ அங்கே உயர்ந்தது. முதல் பரிசு அவனுக்கே.

பிறகு ஒரு தமிழ்வழிப் பள்ளி மாணவி வந்தாள். பத்தாம் வகுப்பு. வீட்டில் தெலுங்கு. தலைப்பு, கெலவரப்பள்ளி அணை. அந்த விஷயம் நம்மில் பலருக்குத் தெரியும். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருப் பக்கத்துக் கழிவுகளையும் சேர்த்துக்கொண்டு நம் எல்லைக்குள் வருகிறது. மழைக்காலத்தில் அணையிலிருந்து தண்ணீர் திறந்தால் ஆற்றின் மேல் பஞ்சு மூட்டை போல நுரை கிளம்பும். அதைத்தான் அந்தப் பெண் சொல்ல வந்தாள். "நுரை" என்பதற்கு ஆங்கிலச் சொல் வரவில்லை. நின்றாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் அவளே சொன்னாள்: "ஐ டோன்ட் நோ தி இங்கிலீஷ் வேர்ட். இன் மை ஹவுஸ் வி சே நுருகு. லைக் சோப் வாட்டர். பட் நோபடி இஸ் வாஷிங்."

யாரும் துணி துவைக்கவில்லை, ஆனால் ஆறு முழுக்கச் சோப்பு நுரை! இதைவிடத் தெளிவாக அதை எந்த மொழியில் சொல்ல முடியும்? ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? மனனத்தில் 6, சரளத்தில் 7 என்று போட்டுக் கையெழுத்தும் போட்டேன். கட்டம் கேட்டதை நிரப்பினேன்.

பரிசளிப்பு முடிந்து டீ குடிக்கும்போது முதல் பரிசு வாங்கிய பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். "நீ சொன்னதுல உனக்கே பயமா இருக்கிற விஷயம் எதுப்பா?" அவன் பாவம், நேர்மையாகச் சொன்னான்: "அது ஸ்பீச்ல இல்ல சார்." அவன் மேல் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் கேட்டதை அவன் கொடுத்தான்.

அந்தப் பெண்ணிடமும் கேட்டேன். "நுரை மேலேருந்துதான் வருதுன்னு எப்படிம்மா சொல்ற?" பாதி தமிழ், பாதி ஆங்கிலத்தில் மளமளவென்று பதில் வந்தது. பெங்களூரில் மழை பெய்த பிறகு எப்போது வரும், எந்த இடத்தில் அதிகம், அவள் அப்பா அந்த நாட்களில் ஏன் மோட்டார் போடுவதில்லை, எல்லாம் சொன்னாள். "அடுத்த வருஷமும் வருவியா?" என்று கேட்டேன். "தமிழ்ப் பேச்சுப் போட்டிக்கு வர்றேன் சார். இங்கிலீஷ் நமக்கு ஆகாது."

அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏனென்றால் இதே கதையை நான் தொழிற்சாலையில் பார்த்தவன்.

ஒருமுறை ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் புகாரோடு வந்தார். துளையின் இடம் தள்ளிப் போயிருந்தது. ஆங்கிலம் தெரிந்த நாங்கள் நாலு பேர் ஸ்லைடு போட்டு ஒரு மணி நேரம் விளக்கினோம். "இரண்டாம் ஷிஃப்டில் மட்டும் ஏன்?" என்றார் அவர். எங்களிடம் பதில் இல்லை. பின்னால் நின்ற செட்டர் அண்ணன் என் காதில் சொன்னார்: "லொகேட்டிங் பின் தேஞ்சிருக்கு சார். செகண்ட் ஷிஃப்ட்ல ஏர் பிரஷர் குறையுது, சிப் முழுசா போகாது. அது அடியில உக்காந்து ஜாபைத் தூக்குது." நான் மொழிபெயர்க்கத் தொடங்கியதும் வாடிக்கையாளர், "அவரே சொல்லட்டும்" என்றார். "பின் ஸ்மால், சிப் சிட், ஜாப் லிஃப்ட்." ஆறு சொற்கள். கூட்டம் முடிந்தது. இருபது ஆண்டு வேலை பார்த்த அந்த அண்ணனை யாரும் அதுவரை பேசக் கூப்பிட்டதில்லை.

சரி, வெளியே எப்படி நடத்துகிறார்கள்? 1918-ல் தொடங்கப்பட்ட இங்கிலீஷ் ஸ்பீக்கிங் யூனியன் லண்டனில் நடத்தும் சர்வதேசப் போட்டியில் ஐந்து நிமிடப் பேச்சு முடிந்தால் வேலை முடியாது. உடனே கேள்விகள் வரும், பதில் சொல்ல வேண்டும். அவர்களே பிரிட்டனில் பள்ளிகளுக்கு நடத்தும் போட்டியில் ஓர் அணிக்கு மூன்று பேர். ஒருவர் பேச்சாளர், ஒருவர் கேள்வி கேட்பவர், ஒருவர் தலைவர். நன்றாகக் கேட்டு நல்ல கேள்வி போடுகிறவருக்கும் மதிப்பெண் உண்டு. 1924-ல் அமெரிக்காவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கங்களில், முன்கூட்டித் தெரியாத தலைப்பில் அந்த நொடியிலேயே எழுந்து பேசுவது ஒரு பயிற்சி. இங்கெல்லாம் மனனம் செய்து மட்டும் தப்பிக்க முடியாது.

நமக்கு உதாரணம் லண்டனில்தான் தேட வேண்டும் என்பதில்லை. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி, ஓசூரில் பள்ளிப் படிப்பு, பெங்களூரு சென்ட்ரல் கல்லூரி என்று போனவர். 1962-ல், 83 வயதில், வாஷிங்டன் சென்று அணுகுண்டு சோதனைகளை நிறுத்தச் சொல்லி அதிபர் கென்னடியிடம் நேரில் வாதாடினார். எதிரில் இருப்பவர் திருப்பிக் கேட்கும் இடம் அது. அங்கே ஒப்பிக்கிற பேச்சு எடுபடாது.

"இங்கிலீஷ் போட்டியில இங்கிலீஷுக்கு மார்க் வேண்டாமா?" என்று நீங்கள் கேட்கலாம். கட்டாயம் வேண்டும். ஒரு மெயிலில் ஒரு "நாட்" விட்டுப்போனால் ஒரு லாட் முழுக்க ஸ்கிராப் ஆகும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மொழிக்கு 30 போதும். ஆகவே நம் சங்கத்திற்கு என் வேண்டுகோள்கள்:

1. கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளுக்கு நம் கல்லூரியிலேயே ஆண்டுதோறும் ஓர் ஆங்கிலப் பேச்சுப் போட்டி. தலைப்பு மாணவரின் சொந்த ஊரிலிருந்து வர வேண்டும். குறிப்புச் சீட்டு வைத்துக்கொள்ளலாம்.

2. மூன்று நிமிடப் பேச்சு, மூன்று நிமிடக் கேள்வி பதில். மொழிக்கு 30 மதிப்பெண், பேச்சின் பொருளுக்கு 20, கேள்வி பதிலுக்கு 50.

3. முதல் கேள்வியை வேறு பள்ளி மாணவர் கேட்க வேண்டும். நல்ல கேள்விக்குத் தனிப் பரிசு.

4. ஆங்கிலச் சொல் வராதபோது தாய்மொழிச் சொல்லைச் சொல்லி விளக்கினால் மதிப்பெண் குறைக்கக் கூடாது.

இன்றைய மாணவர்களுக்கும் வேலை உண்டு. இரண்டு சனிக்கிழமை அரசுப் பள்ளிகளுக்குப் போய் வாருங்கள். ஆனால் பேச்சை எழுதிக் கொடுக்காதீர்கள். கேள்வி கேளுங்கள். முதலாண்டில் நான் இதே மேடையில் ஒரு கட்டுரையைத் தலைநிமிராமல் படித்தேன். எங்கள் பேராசிரியர் நிறுத்தி, "அந்தப் படத்தைத் தமிழ்ல சொல்லு" என்றார். சொன்னேன். "இப்ப இதையே இங்கிலீஷ்ல சொல்லு" என்றார். தட்டுத் தடுமாறிச் சொன்னேன். "இதுதான் உன் பேப்பர், முன்னாடி படிச்சது இல்ல" என்றார். அன்று அவர் எழுதிக் கொடுத்திருந்தால் இன்று நான் இங்கே நின்றிருக்க மாட்டேன்.

நண்பர்களே, அந்தப் பெண் இப்போது பதினொன்றாம் வகுப்பு. அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு, அப்போது போட்டிக்கு அனுப்பப் பெற்றோர் யோசிப்பார்கள். அதனால் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள். இந்த ஜனவரியிலேயே நடத்துவோம். முதல் ஆண்டுக்கான பரிசுச் செலவை எங்கள் பேட்ச் ஏற்றுக்கொள்கிறது. அவள் பள்ளிக்கு அழைப்பிதழை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வருவதும் வராததும் அவள் விருப்பம்.

நடுவர்களாக வர விருப்பமுள்ளவர்கள் சாப்பாட்டுக்குப் போகும் முன் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை, கேள்வி கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.