நீயா நானாவும் தாத்தாவோட 1965-ம்

அப்பல்லாம் ஞாயிறு நைட்டுன்னா எங்க குரோம்பேட்டை வீட்டுல விஜய் டிவி 'நீயா நானா'தான். 2006-ல ஆரம்பிச்ச ஷோ. ஒரு பக்கம் பெத்தவங்க, எதிர்ப்பக்கம் பிள்ளைங்க, நடுவுல கோட்டு போட்ட கோபிநாத். பிள்ளைங்க குரலை உயர்த்தினா தாத்தாவுக்கு ஆகாது. "பெரியவங்களை எதிர்த்துப் பேசுறதை டிவில வேற காட்டணுமா?"ன்னு முணுமுணுப்பார்.

2017 ஜனவரில, ஜல்லிக்கட்டுக்காக மெரினா போறேன்னு கிளம்பினேன். காலேஜ் படிக்கிற பையனுக்கு எதுக்குப் போராட்டம்னு வாசல்லயே மறிச்சார். பாட்டிதான் போட்டு உடைச்சாங்க.

1965 ஜனவரி. இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆயிடும்னு தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் தெருவுல இறங்கின நேரம். தாத்தாவும் காலேஜ் பையன். அப்பா பேச்சை மீறி ஊர்வலம் போயிருக்கார்! அமெரிக்கால அறுபதுகள்னா நீள முடி, கிடார், வியட்நாம் போர் எதிர்ப்பு. நம்மூர்ல கறுப்புக்கொடி, தடியடி, துப்பாக்கிச்சூடு. செத்தவங்கள்ல மாணவர்களும் உண்டு. 1967-ல ஆட்சியே மாறிச்சு.

"அன்னிக்கு உங்கப்பாகிட்ட என்ன சொன்னீங்க தாத்தா?"ன்னு கேட்டேன். பதில் இல்லை. உள்ள போய் டிவி சவுண்டைக் கூட்டினார். வாசல் காலியாச்சு. நான் செருப்பை மாட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.