மிருதங்கத்தின் தோலும் மனிதனின் தோலும்

(செஞ்சியில் செய்த சொற்பொழிவின் சாரம்)



நான் காலேஜில் படித்தவனல்ல. கிடைத்த புத்தகங்களைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்ததையே சொல்லுகிறேன். நான் சொல்லுவதாலேயே எதையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நம் கோட்டையிலுள்ள கல்யாண மகாலைப் பார்த்திருப்பீர்கள். கல் சேர்ந்து சுவர், சுவர் சேர்ந்து அறை, அறைகள் சேர்ந்து மாடி, மாடிகள் சேர்ந்து மகால். நம் உடலும் அப்படித்தான். அணுக்கள் சேர்ந்து மூலக்கூறு. மூலக்கூறுகள் சேர்ந்து செல். செல்கள் சேர்ந்து திசு. திசுக்கள் சேர்ந்து இருதயம், ஈரல் முதலிய உறுப்பு. உறுப்புகள் சேர்ந்து மனிதன். ஆனால், மகாலைக் கட்டக் கொத்தனார் வேண்டும். செல்லோ, வேலைக்குறிப்பைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு தானே கட்டித் தானே பழுதும் பார்த்துக்கொள்ளுகிறது.

இந்தக் கட்டடத்தில் முக்கியமான சரக்கு புரதம். இருபது வகை அமினோ அமிலங்களைப் பலவிதமாகக் கோத்ததே எல்லாப் புரதமும். நம் உடலில் அதிகமாயிருக்கும் புரதத்திற்குக் கொலாஜன் என்று பெயர். தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றிற்கும் உறுதி கொடுப்பது அதுவே. அது மூன்று புரி முறுக்கிய கயிறு போன்றது என்று 1954-ல் சொன்னவர்கள் யார்? நமது சென்னைச் சர்வகலாசாலையில் வேலை செய்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவுமே. எக்ஸ்ரே கதிர் காட்டிய புள்ளிகளைக் கொண்டு கணக்குப் போட்டுக் கண்டார்கள், ஞானதிருஷ்டியால் அல்ல.

இந்தக் கயிற்றின் முறுக்கு நிற்க வைட்டமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் பல் ஈறில் இரத்தம் கசியும், புண் ஆறாது. பழைய காலத்தில் கப்பலோட்டிகள் இதனால் கூட்டங்கூட்டமாய்ச் செத்தார்கள். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற வைத்தியர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துப் பரீட்சித்துக் குணம் கண்டார். நமக்கு நெல்லிக்காயும் கொய்யாவும் போதும், நேர்த்திக்கடன் வேண்டியதில்லை.

இனி விஷயத்திற்கு வருகிறேன். மாட்டுத்தோலிலும் இதே முப்புரிக் கயிறுதான். ஆவாரம்பட்டையில் ஊறவைத்தால், பட்டையின் சத்து கொலாஜனைப் பற்றிக்கொள்ளுவதால் தோல் அழுகுவதில்லை. இந்த வித்தையைத் தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தால் காப்பாற்றியவர்களை நாம் என்ன செய்தோம்? தீண்டாதவர் என்று ஊருக்கு வெளியே வைத்தோம்! அவர்கள் உரித்த தோல் மிருதங்கமாகிக் கச்சேரி மேடையேறினால் சங்கீதம். அதே தோல் பறையானால் இழவு வீட்டு வாசலோடு நிற்க வேண்டுமா? தோல் மேடையேறலாம், தோலைக் கொடுத்த மனிதன் திண்ணை ஏறக்கூடாதா?

தீட்டு எதில் இருக்கிறது? அணுவிலா, மூலக்கூறிலா, செல்லிலா? எந்தப் படியில் தேடினாலும் காணோம். 1901-ல் லாண்ட்ஸ்டெய்னர் கண்ட இரத்தப் பிரிவுகளுக்கும் ஜாதி கிடையாது. ஆபத்தில் பக்கத்துச் சேரி வாலிபரின் இரத்தம் நம்மைப் பிழைக்க வைக்கலாம். கூடப்பிறந்தவனின் இரத்தம் ஒவ்வாமலும் போகலாம்.

ஆகவே தோழர்களே, கைதட்டிவிட்டுப் போனால் போதாது. நாளை உங்கள் வீட்டுக்குப் பறையடிக்க வருபவரை உங்கள் பக்கத்தில் உட்காரவைத்து, உங்கள் டம்ளரிலேயே தண்ணீர் கொடுங்கள். அதைச் செய்ய முடியாவிட்டால், இன்று நான் பேசியதும் வீண், நீங்கள் கேட்டதும் வீண் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.