கால் நகம் சதைக்குள் வளர்ந்தால்...

(பெங்களூரு ஜயநகர் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் அல்ல. தொழிற்சாலையில் 30 வருடம் பூட்ஸ் போட்டு ஓய்வு பெற்றவன். கால் கட்டைவிரல் நகம் சதைக்குள் வளர்ந்து நானும் அவதிப்பட்டேன், என் அத்திம்பேரும் அவதிப்பட்டார். எனக்கு மூன்று வாரத்தில் குணமாயிற்று. அவருக்கு விரலே போயிற்று. ஏன் என்று சொல்லத்தான் வந்தேன்.

நம் வீடுகளில் இதை நகச்சுத்தி என்று நினைத்து எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொள்வோம். நகச்சுத்தி, நகத்தைச் சுற்றியுள்ள தோலில் கிருமி சேர்வதால் வருவது. இதுவோ நகத்தின் ஓரமே முள் மாதிரி சதையில் குத்துவது. வீக்கமும் சீழும் பிறகுதான் வரும். குத்தும் நகத்தை விடுவிக்காமல் எதைப் பூசினாலும் பிரயோஜனமில்லை.

முதல் காரணம் நாமேதான். செவ்வாய், வெள்ளி ஆகாது, விளக்கு வைத்தபின் கூடாது என்று நகம் வெட்ட நேரம் பார்க்கிறோம். வெட்டும் விதத்தைப் பார்ப்பதில்லை. மூலைகளை வளைத்து ஒட்ட வெட்டினால், வளரும் நகம் சதைக்குள் இறங்கும். நேராக வெட்டி, மூலைகளை லேசாக ராவினால் போதும். அடுத்தது, முன்பக்கம் குறுகிய ஷூ. லால்பாக்கில் தினம் நடப்பவர்கள் கவனிக்கவும்: சாயங்காலம் கால் சற்று உப்பியிருக்கும், அப்போது போட்டுப் பார்த்து ஷூ வாங்குங்கள். வியர்வை, விரலை இடித்துக்கொள்வது, பரம்பரையாக வளைந்த நகம் ஆகியவையும் காரணங்களே.

ஆரம்ப நிலையில் கத்தி வேண்டாம். டாக்டர் சொன்னபடி, தினம் மூன்று வேளை, வெதுவெதுப்பான நீரில் 15 நிமிஷம் காலை வைத்தேன். ஈரத்தை நன்றாகத் துடைத்து, சதையை மெதுவாக விலக்கி, நக ஓரத்தின் அடியில் சிறு பஞ்சுத் திரியை வைத்து, தினமும் மாற்றினேன். சதையை நகத்திலிருந்து விலக்கி இழுத்தபடி பிளாஸ்திரி ஒட்டலாம். வளைந்த நகத்தை நிமிர்த்த, அதன்மேல் மெல்லிய கம்பி பொருத்தும் முறையும் உண்டு. கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும்; பொறுமை வேண்டும். சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் இருந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

அத்திம்பேருக்கு 15 வருட சர்க்கரை வியாதி. சவர பிளேடால் தானே நகத்தைத் தோண்டினார். பத்து நாளில் விரல் கறுத்தது. "வலிக்கவே இல்லையேடா!" என்றார். வலிக்காததுதான் ஆபத்து. காலில் உணர்ச்சி குறைந்தவர்களும் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் நான் சொன்ன வீட்டு வைத்தியம் எதையும் செய்ய வேண்டாம். வெந்நீர் சுடுவதுகூட அவர்களுக்குத் தெரியாது. நேரே டாக்டரிடம் போங்கள். பாதத்துக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன: பெங்களூரில் அரசின் கர்நாடகா இன்ஸ்டிடியூட் ஆஃப் எண்டோக்ரைனாலஜி அண்ட் ரிசர்ச், சென்னை ராயபுரத்தில் 1954-ல் தொடங்கிய எம்.வி. நீரிழிவு மருத்துவமனை போன்றவற்றில்.

பெரியவர்களுக்குக் குனிய முடியாது, கண்ணும் தெரியாது. இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் அவர்கள் பாதங்களை ஒருமுறை பாருங்கள். நமஸ்காரம் பண்ணும்போது தொடுகிற பாதம்தானே!