வியாசர்பாடியில் ஒரு ஒயரிங் வகுப்பு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் பண்ணி, "நீ ஏதோ சமூக சேவை பண்றியாமே, பத்து நிமிஷம் பேசு" என்றார். சேவை என்பது பெரிய வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வியாசர்பாடியில் வீட்டு ஒயரிங் சொல்லிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். அதிலே நான் செய்த ஒரு தப்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன். மலருக்கு வேறு நல்ல விஷயமாக எதிர்பார்த்திருந்தால் செயலாளர் மன்னிக்கணும்.

வகுப்பு நடப்பது ஒரு மன்றத்துக் கட்டடத்தில். வியாசர்பாடியில் தெருவுக்கொரு கேரம் மன்றம் உண்டு. கேரம் போர்டைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு எங்கள் ஒயரிங் போர்டை மாட்டுவோம். பத்து மணிக்கு முன்னால் ஆரம்பிக்க முடியாது. அதுவரை பையன்கள் கால்பந்து மைதானத்தில் இருப்பார்கள். முதல் வருஷம் பதினான்கு பேர் வந்தார்கள். பத்தாவதோடு நின்றவர்கள் பாதி. பி.காம் முடித்து வேலை கிடைக்காத ஒருத்தர். வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் ஒரு அக்கா, "மோட்டார் ரிப்பேருக்கு ஒவ்வொரு தடவையும் இருநூறு ரூபாய் அழ முடியாது சார்" என்று வந்தார். அவர்தான் கடைசிவரை ஒரு நாள்கூட லீவு போடாதவர்.

இந்த மாதிரி யோசனை ஒன்றும் புதிதல்ல. ஆலைத் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் குடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே தொழில் சொல்லித் தர, 1967-லேயே பம்பாய் வொர்லியில் ஷ்ரமிக் வித்யாபீட் தொடங்கினார்கள். 2000-த்தில் அது ஜன் சிக்ஷன் சன்ஸ்தான் என்று பெயர் மாறி இன்றும் பல ஊர்களில் இருக்கிறது. நடந்து போகிற தூரத்தில் பயிற்சி இருக்கணும் என்பதுதான் விஷயம். பஸ் ஏறிப் போகணும் என்றால் இரண்டாவது வாரமே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நான் நாலு வருஷம் இங்கே எலக்ட்ரிக்கல் படித்தவன். சிங்கிள் லைன் டயகிராம் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். ஆனால் முதல் நாள் வகுப்பில் சீலிங் ரோஸைக் கழற்றி மாட்டத் தடுமாறினேன். வேறொரு பையன் பிளையரை வாங்கி, "விடுங்க சார், நான் பாக்குறேன்" என்றான். அன்றிலிருந்து பாதி வகுப்பு அவர்கள் எனக்கு எடுத்தது.

போர்டை மட்டும் நான் மிக அழகாகச் செய்திருந்தேன். பேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. சுவிட்ச் எல்லாம் பேஸில். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே டிரிப் ஆகும் ஆர்.சி.சி.பி. வேறு. "சுவிட்சை அணைச்சுட்டுத் தொடு" என்பது என் முதல் பாடம். எல்லோரும் சேர்ந்து திருப்பிச் சொல்லுவார்கள்.

எட்டு மாதம் கழித்து, அதில் ஒரு பையன் ஒரு மேஸ்திரியிடம் ஹெல்பராகப் போனான். நவம்பர் மாதம், நல்ல மழை. ஒரு பழைய வாடகை வீட்டில் ஹோல்டர் மாற்றும் வேலை. சுவிட்சை அணைத்தான், ஸ்டூலில் ஏறினான், இடது கையை ஈரச் சுவரில் ஊன்றிக்கொண்டு வலது கையால் ஹோல்டரைப் பிரித்தான். தூக்கி அடித்துவிட்டது. விரல்களில் தீக்காயம், விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிவு. ஆர்.சி.சி.பி. எல்லாம் அந்த வீட்டில் ஏது? உயிர் பிழைத்தது ஸ்டூலிலிருந்து விழுந்ததால்தான். விழுந்ததால் கை விடுபட்டது.

ஆஸ்பத்திரியில் அவன் அம்மா என்னைத் திட்டவில்லை. "நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதானே தம்பி சுவிட்சை அணைச்சுட்டு ஏறினான்?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். வேறென்ன சொல்ல?

அடுத்த நாள் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சுவிட்ச் நியூட்ரலில் இருந்தது. பேஸ் நேராக ஹோல்டருக்குப் போயிருந்தது. சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும், ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். நியூட்ரலில் தனி சுவிட்ச் வைக்கக்கூடாது என்று 1956-ஆம் ஆண்டு மின்சார விதிகளிலேயே இருக்கிறது. பரீட்சைக்கு நான் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு வீட்டை மூன்றாகத் தடுத்து வாடகைக்கு விடும்போது, மீந்துபோன ஒரே கலர் ஒயரை வைத்து இழுப்பார்கள். மெயினுக்குப் பக்கத்தில் இரண்டு ஒயர் இடம் மாறினால் போதும், வீட்டிலுள்ள அத்தனை சுவிட்சும் நியூட்ரலுக்கு வந்துவிடும். விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும், யாருக்கும் தெரியாது.

என் போர்டு சரியாக இருந்ததுதான் கோளாறு. அந்தப் பேட்டையில் அப்படி ஒரு வீடு இருந்தால் அதிசயம். என் பையன்களுக்கு நான் இல்லாத வீட்டுக்கு ஒயரிங் கற்றுக் கொடுத்திருந்தேன்.

இப்போது எங்களிடம் இரண்டு போர்டு இருக்கிறது. இரண்டாவதற்குப் பையன்கள் வைத்த பெயர் 'கோளாறு போர்டு'. நியூட்ரலில் சுவிட்ச், அறுந்த எர்த், டேப் சுற்றாத ஜாயின்ட், பியூஸுக்குப் பதிலாக முறுக்கிய தடித்த கம்பி, எல்லாம் உண்டு. வாராவாரம் கோளாறை மாற்றுவோம். முதல் பாடமும் மாறிவிட்டது. மெயினை அணை. டெஸ்ட் லாம்ப்பை முதலில் மின்சாரம் இருக்கிற இடத்தில் வைத்து, அது எரிகிறதா என்று பார். அப்புறம் வேலை செய்யப் போகிற இடத்தில் வை. திரும்பவும் பழைய இடத்தில் வைத்து லாம்ப் பழுதாகவில்லை என்று உறுதி செய். ஸ்க்ரூ டிரைவர் மாதிரி இருக்கும் நியான் டெஸ்டரை மட்டும் நம்பாதே. வெயிலில் அது எரிவது கண்ணுக்கே தெரியாது.

இன்னொன்று. அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு ராத்திரியில் மங்கலாக எரிகிறது, பேய் இருக்கிறது என்று சொல்லும் வீடுகளைப் பையன்கள் தேடிப் போகிறார்கள். இண்டிகேட்டர் வைத்த சுவிட்சாலும் அப்படி எரியலாம். ஆனால் நியூட்ரலில் சுவிட்ச் இருப்பதும் ஒரு காரணம். சொந்தத் தெருவிலேயே இப்படிச் சில வீடுகளைக் கண்டுபிடித்து, மெயினில் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். காசு வாங்கினார்களா என்று நான் கேட்கவில்லை. வாங்கியிருந்தால் நல்லதுதான்.

இப்போது உங்களிடம் கேட்க வந்தது. நன்கொடை வேண்டாம். மாநில அரசின் மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுத, 21 வயதும் ஒயரிங் தொழிலில் 5 வருஷச் செய்முறை அனுபவமும் வேண்டும். எங்கள் பையன்களிடம் அனுபவம் இருக்கிறது, எழுதிக் கொடுக்கத்தான் ஆளில்லை. மூன்று மாதக் கோர்ஸ் சான்றிதழ்கள் வீட்டுக்கு வீடு கிடக்கின்றன. இந்த ஒரு கடிதம் கிடைப்பதில்லை. இந்த அரங்கத்தில் எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் எடுப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஹெல்பர் என்று தினக்கூலிக்கு வருபவன் பெயரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், வருஷக் கடைசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மெயினை அணைக்காமல் ஏற மாட்டேன் என்று அவன் சொன்னால், தயவு செய்து வேலையை விட்டு நிறுத்தாதீர்கள். எங்கள் பையன் ஒருவன் அப்படிச் சொல்லி அரை நாள் கூலி இழந்திருக்கிறான்.

அடிபட்டவன் இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிட்டான். வலது கை நடுவிரலில் உணர்ச்சி இன்னும் முழுசாக வரவில்லை. இப்போது கோளாறு போர்டு அவன் பொறுப்பு. போன வாரம் அவன் வைத்த கோளாறை என்னால் இருபது நிமிஷம் கண்டுபிடிக்க முடியவில்லை, வகுப்பே சிரித்தது. வருகிற ஞாயிறு யாராவது வந்து பார்க்கலாம். பத்து மணிக்கு. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள்.